பழைய தச்சுக் கருவிகள்: சேகரிப்பும் செப்பனிடலும் உழைப்பின் வரலாறும்

பழைய கைக்கருவிகளைச் சேகரித்தல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நன்கு வேரூன்றிய ஒரு வழக்கமாகும். தொடக்ககாலக் கைத்தொழில்கள் பற்றிய ஆர்வலர் சங்கமொன்று அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கருவிகள், தொழில்கள் ஆகியவற்றின் வரலாற்றுக்கான கழகம் பிரித்தானியாவில் 1983இல் நிறுவப்பட்டது. ஏலங்களும் விலைப்பட்டியல்களும் இவ்வார்வத்தைச் சூழ்ந்து வளர்ந்துள்ளன. சீவுளி, உளி, வாள், துறப்பணம் என்பன உழைப்புச் சாதனங்களாகப் பிறந்தவை. அவை சேகரிப்போரின் கண்ணாடிப் பேழையுட் புகும்போது, அவற்றிற் பதிந்துள்ள உழைப்பின் வரலாறு என்னவாகின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கருவியும் உடைமையும்

19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியத் தச்சனின் சமூகநிலை தனித்தன்மை வாய்ந்தது. அவன் கூலிக்கு உழைப்பவன். பட்டறையும் மரமும் முதலாளிக்குரியவை. ஆயின் கைக்கருவிகள் அவனுக்கே உரியவை. ஆலைத் தொழிலாளி வெறுங்கையுடன் வேலைக்குப் போனான். தச்சனோ கருவிப் பெட்டியுடன் போனான். ஆதலின் பட்டறை தீப்பற்றினாலோ, பெட்டி களவுபோனாலோ அவன் இழந்தது பொருளை மட்டுமன்று. வேலை பெறும் தகுதியையும் அவன் இழந்தான். 1860இல் அமைந்த தச்சர்களின் ஒன்றிணைந்த சங்கம், நோய், வேலையின்மை ஆகியவற்றுக்கான உதவியுடன் கருவி இழப்புக்கும் ஈடு வழங்கியமை இதனாலேயாம். அச்சங்கத்தின் பொதுச் செயலாளராக விளங்கிய ரொபேட் அப்பிள்கார்த், முதலாம் அகிலத்திலும் பங்குகொண்டவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பொருளிற் பதிந்த வரலாறு

அக்காலத்து மரச் சீவுளியொன்றை எடுத்து நோக்குவோம். பீச் மரக் கட்டை, அதனூடே சரிவாக இறங்கும் அலகு, அலகை இறுக்கும் ஆப்பு ஆகியவையே அதன் உறுப்புகள். அலகின் ஆழத்தை மாற்றச் சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். எவ்வளவு தட்டுவது என்பதைக் கை மட்டுமே அறியும். லெனார்ட் பெய்லி அமெரிக்காவில் உருவாக்கிய உலோகச் சீவுளியில் அவ்வறிவின் ஒரு பகுதி திருகாணிக்கு மாற்றப்பட்டது. அவரது காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கிப் பேரளவு உற்பத்தியில் இறங்கியது. தொழிற்பிரிவினை கருவிகளை எத்துணை நுணுக்கமாக வேறுபடுத்தியது என்பதற்கு, பேர்மிங்காமிற் செய்யப்பட்ட 500 வகைச் சுத்தியல்களை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் எடுத்துக்காட்டினார்.

பல அலகுகளில் ஷெபீல்ட் நகரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். சேகரிப்போருக்கு அது தரத்தின் முத்திரை. அந்நகரில் உலோகங்களுக்குச் சாணை பிடித்தோர் கற்றூளையும் உலோகத்தூளையும் சுவாசித்து நுரையீரல் நோயால் மாண்டனர். நீரின்றிச் சாணை பிடித்தோரின் சராசரி வாழ்நாள் 35 ஆண்டுகளை எட்டுவதே அரிது என ஏங்கெல்ஸ் 1845இல் எடுத்துரைத்தார். அலகின் கூர்மைக்குக் கொடுக்கப்பட்ட இந்த விலை எம்முத்திரையிலும் இடம்பெறவில்லை.

மரச் சீவுளியின் முன்முகப்பில் வேறு பெயர்களையும் காணலாம். அவற்றுள் ஒன்று செய்தவரின் பெயர். ஏனையவை அதனை அடுத்தடுத்து உடைமையாகக் கொண்ட தொழிலாளர் குத்திய பெயர்கள். மூன்று நான்கு தலைமுறையினரின் பெயர்கள் ஒரே கட்டையில் நெருங்கி நிற்பதுமுண்டு. செய்தவர்களின் பெயர்களைத் தொகுத்து டபிள்யூ. எல். குட்மன் 1968இல் வெளியிட்ட நூல் ஆய்வாளருக்குப் பேருதவியாயிற்று. ஆயின் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் செய்தவரின் பெயரே. அதனைக் கொண்டு வாழ்நாள் முழுதும் உழைத்தவனின் பெயர் அங்கே வெறும் கீறலாகக் கருதப்படுகிறது.

சேகரிப்பின் முரண்பாடு

பெஞ்சமின் சீற்றன் என்ற இளைஞருக்காக 1796இல் வாங்கப்பட்ட கருவிகளும், அவற்றுக்கென அவர் செய்த பெட்டியும் இங்கிலாந்தின் ரொச்செஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. விலைகள் குறிக்கப்பட்ட பட்டியலும் எஞ்சியுள்ளது. 18ஆம் நூற்றாண்டுக் கருவிகளை அறிய இதற்கு நிகரான சான்று அரிது. ஆயின் அவை எஞ்சியமைக்குக் காரணம் யாது? அவை மிகக் குறைவாகவே பயன்படுத்தப்பட்டன. நாள்தோறும் உழைத்த கருவிகளோ தீட்டத் தீட்டத் தேய்ந்து மறைந்தன.

இலக்கிய வரலாற்று மாணவருக்கு இந்நிலை புதியதன்று. ஏட்டிலேறியவை எஞ்சின, உழைக்கும் மக்களின் வாய்மொழி ஆக்கங்களிற் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியதையே முழுமையெனக் கொள்ளும் வரலாறு இரு துறைகளிலும் ஒரே தவற்றைச் செய்கிறது.

செப்பனிடலின் இரு நோக்குகள்

சந்தைக்காகச் சேகரிப்பவர் மேற்பரப்பின் பழமையைக் குலைக்க விரும்பார். துருவை முற்றாக நீக்கி மெருகேற்றினால் விலை வீழும். பயன்படுத்த விரும்புபவரோ அலகிலிருந்து தொடங்குவர். காடியில் ஊறவிட்டுத் துருவைத் தளர்த்தித் தேய்த்து அகற்றுவர். அலகின் பின்புறத்தைக் கல்லிற் சமப்படுத்துவர்; ஏனெனில் வெட்டும் விளிம்பு இரு பரப்புகள் கூடுமிடமாகும், ஒன்றில் துருக்குழி இருப்பினும் விளிம்பு முறியும். பின்னர் ஏறத்தாழ 25 பாகையிற் சாணை பிடித்து, 30 பாகையில் தீட்டி முடிப்பர். மரக் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவர். கைபட்டுத் தேய்ந்த பிடியையும் குத்திய பெயர்களையும் மட்டும் தீண்டாது விடுவர். பயன்படாத கருவியைத் துரு தின்னும், உயிருள்ள உழைப்பே அதனை மீட்கும் என்ற மார்க்சின் கருத்து இப்பணியில் கண்கூடாகிறது.

இதனை இயந்திர எதிர்ப்பாகவோ கழிந்த காலத்துக்கான ஏக்கமாகவோ கொள்ளலாகாது. இயந்திரம் தச்சனின் முதுகுப்பாரத்தைக் குறைத்தது உண்மை. ஓய்வுநேரத்தில் மரம் சீவி மகிழ்பவரின் அனுபவம், நாள் முழுதும் கூலிக்குச் சீவியவனின் அனுபவமுமன்று. எனினும் ஓர் ஒப்பீடு சிந்தனைக்குரியது. பழைய வாளின் பற்களை முக்கோண அரத்தால் மீண்டும் மீண்டும் கூராக்கலாம். இக்காலத்தில் மலிவாக விற்கப்படும் வாள்கள் பலவற்றின் பற்கள் அரம் ஏறாதவாறு கடினமாக்கப்பட்டவை. மழுங்கியதும் எறிய வேண்டியதே. பேணும் திறனைப் பயன்படுத்துபவரிடமிருந்து பிரித்து, அவரை மீண்டும் மீண்டும் வாங்குபவராக்குவதே இதன் விளைவு.

பழங்கருவியின் விதி ஏலமண்டபத்திலேயே முடியவேண்டியதில்லை. 1970களின் இறுதியில் பிரித்தானியாவிற் தோன்றிய ஒரு தொண்டு அமைப்பு, பயனற்றுக் கிடந்த கைக்கருவிகளைத் தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டு செப்பனிட்டு, தான்சானியா, உகண்டா முதலிய ஆபிரிக்க நாடுகளின் கைவினைஞருக்கு அனுப்பிவந்துள்ளது. ஏகாதிபத்தியம் உருவாக்கிய ஏற்றத்தாழ்வை இதனால் தீர்த்துவிட முடியாது. ஆயினும் பரிவர்த்தனைப் பெறுமதிக்குள் உறைந்துபோன ஒரு பொருள் தன் பயன்பெறுமதியை இங்கே மீளப் பெறுகிறது. அருங்காட்சியகங்களும் ஆய்வாளரும் கருவியைச் செய்தவரின் பெயருடன் அதனைக் கொண்டு உழைத்தவரின் பெயரையும் முறையாகப் பதிவுசெய்தல் வேண்டும். அப்போதுதான் கருவிகளின் வரலாறு உழைப்போரின் வரலாறாகும்.