கொடி விழுந்தது, பந்து யாருக்கு?

பெயர் என்னவோ கால்பந்துதான். ஆனால் காலுக்கு வேலை எப்போதாவதுதான்! அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று கொண்டாடும் ஆட்டம் அப்படிப்பட்டது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், வீசுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவார்கள். அபூர்வமாக ஒரு உதை விழும்போதுதான் நடுவரின் பாடு திண்டாட்டமாகிறது.

மைதானம் 100 கெஜ நீளம். பந்தை வைத்திருக்கும் கட்சி நாலு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்கு. மூன்று முயற்சி பலிக்காவிட்டால், நாலாவதில் பந்தைத் தொலைதூரத்துக்கு உதைத்துவிடுவார்கள். போகிற பந்து போகட்டும், நம் வாசலில் வைத்தா கொடுப்பது என்ற எண்ணம்தான்!

ஓர் உதாரணம் பார்ப்போமா? சிவப்புக் கட்சி தன் கோட்டிலிருந்து 30-வது கெஜத்தில் நிற்கிறது. இன்னும் 8 கெஜம் தேவை. பந்தை உதைக்கிறார்கள். அது 45 கெஜம் பறந்து, நீலக் கட்சியின் 25-வது கெஜத்தில் ஒருவர் கையில் சேருகிறது. ஆனால் பந்து வானத்தில் இருந்தபோதே, நடு மைதானத்தில் ஒரு நீலச் சட்டைக்காரர் எதிராளியைப் பிடித்து இழுத்துவிட்டார். கொடி விழுகிறது. அபராதம் 10 கெஜம். சரி, எங்கிருந்து அளப்பது?

முன்பெல்லாம் ஆட்டம் தொடங்கிய இடத்திலிருந்து அளந்தார்கள். சிவப்புக்குப் பந்து திரும்பக் கிடைத்துவிடும்! இப்போது அப்படியல்ல. உதை முடிந்த 25-லிருந்து 10 கெஜம் பின்னால் தள்ளி, 15-வது கெஜத்தில் நீலத்துக்கே பந்தைக் கொடுக்கிறார்கள். பந்தைப் பிடித்தவர் அதன்பின் ஓடிய தூரம் கணக்கில் சேராது. குற்றம் 25-க்கும் பின்னால் நடந்திருந்தால், அந்த இடத்திலிருந்தே அளப்பார்கள்.

இதில் நியாயம் இருக்கிறது. வீட்டைக் கிரயம் செய்து கொடுத்தாயிற்று. புதுச் சொந்தக்காரர் தெருவில் வம்பு செய்தால் அவருக்கு அபராதம் போடலாம். வீடு பழையவருக்குத் திரும்புமா? ஆனால் நீலத்தின் கையிலிருந்து பந்து நழுவி, சிவப்பு அதைக் கைப்பற்றிவிட்டால் இந்தச் சலுகை இல்லை. கிரயமே முடியவில்லையே!

உதைப்பவரையே மோதினால் கதை வேறு. ஒற்றைக் காலில் நிற்பவரால் தம்மைக் காத்துக்கொள்ள முடியாது. ஆகவே பலமாக மோதினால் 15 கெஜமும் புதிதாக நாலு முயற்சியும் சிவப்புக்கு. லேசாக இடித்தால் 5 கெஜம் மட்டுமே. நம் உதாரணத்தில் இன்னும் 3 கெஜம் பாக்கி நிற்கும். மறுபடி உதைப்பதா, அபராதமே வேண்டாமென்று முதல் உதையை ஏற்பதா என்பது சிவப்பின் இஷ்டம். மோதியவர் முதலில் பந்தைத் தொட்டிருந்தாலோ, குற்றமே இல்லை!

அந்தக் கொடிக்கும் ஒரு கதை உண்டு. நடுவர்கள் ஊதுகொம்பை நம்பியிருந்த காலத்தில், 1941-ல், ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் கல்லூரிப் பயிற்சியாளர் டுவைட் பீடி துணிக்கொடி யோசனையைச் சொன்னார். தைத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி. 1948-ல் தொழில்முறை ஆட்டமும் அதை ஏற்றது.

கொடியை வீசக் கை போதும். ஆனால் குற்றம் நடந்த கணத்தில் உதை முடிந்ததா, பந்து யாருடையது என்று பார்க்க இரண்டு கண்ணும் போதாது. தண்டனை எவ்வளவு என்பதைப் புத்தகம் சொல்லிவிடும். எங்கிருந்து என்று சொல்வதில்தான் நடுவரின் நீதி இருக்கிறது.