ஈமு முட்டையில் யானை ஏறுவது எப்படி?

பெருந்துறை, குமாரபாளையம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஈமு வளர்ப்பு பெரிய பேச்சாக இருந்தது. 2012-இல் அந்தத் தொழில் சரிந்து, பணம் போட்ட குடும்பங்கள் தவித்துப்போயின. அந்த நாளின் மிச்சமாகக் கரும்பச்சை முட்டை ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி படங்களை ஒட்டி விற்கிறார்கள். ஓட்டிலேயே வரைந்தது போல இருக்கும். உண்மையில் இருப்பது மெல்லிய காகிதமும் பசையும் வார்னிஷும்தான். (ஓட்டில் கைவேலை நமக்கும் புதிதல்ல. மகாராஷ்டிரத்தின் பட்ணேயில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் கோடு கீறிய நெருப்புக்கோழி ஓடு கிடைத்திருக்கிறது.)

அதே வேலையை ஈமு ஓட்டிலும் செய்யலாம். முதலில் முட்டையைக் காலி செய்ய வேண்டும். பல வருடம் கிடந்த முட்டைக்குள் வாயு அடைந்திருக்கும். துளை போட்டதும் பீறிடலாம். அதனால் வெட்டவெளியில், கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அடிப்பக்கம் டேப் ஒட்டி, சிறிய டிரில்லால் ஒரே ஒரு துளை போதும். கம்பியை விட்டுக் கலக்கி, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதினால், போகிற காற்று உள்ளிருப்பதை வெளியே தள்ளும். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் அலசி, நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து மேற்பரப்பு. இங்கேதான் புது மண்சட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும். சட்டியைப் போலவே ஓடும் துளைகள் நிறைந்தது. முட்டைக்குள் குஞ்சு மூச்சுவிடுவதே அவற்றின் வழியாகத்தான். புதுச் சட்டியில் நேராகக் குழம்பு வைத்தால் கசியும் என்று முதலில் கஞ்சி ஊற்றிப் பழக்குகிறோம் அல்லவா? கஞ்சி போய்த் துளைகளை அடைக்கும். ஓட்டுக்கு அந்தக் கஞ்சி, வெள்ளை அக்ரிலிக் பெயின்ட். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு இரண்டு பூச்சு கொடுங்கள். இல்லாவிட்டால் ஓடு பசையை உறிஞ்சிக்கொள்ளும், காகிதம் பெயர்ந்து வரும்.

வெள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் ஒட்டப்போவது படம் அச்சிட்ட காகித நாப்கின். அது பெரும்பாலும் மூன்று அடுக்காக இருக்கும். மேலடுக்கை மட்டும் உரித்து எடுக்கிறோம். அது ஈரமானதும் கண்ணாடி போல ஆகிவிடும். அடியில் பச்சை இருந்தால் யானை இருட்டில் மறைந்துபோகும். நெருப்புக்கோழி ஓடு இயல்பிலேயே வெளிர் நிறம் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

இப்போது ஒட்டுதல். தட்டையான தாள் உருண்டைமேல் சுருக்கமில்லாமல் படியவே படியாது. அதனால் படத்தைச் சிறு துண்டாக எடுங்கள். கத்தரியால் வெட்டாமல் ஈரத் தூரிகையால் கோடிழுத்துக் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்து வெள்ளையோடு கலந்துவிடும். அகலமான யானைக்கு முட்டையின் நடு வயிறு. ஒட்டகச்சிவிங்கியை நீளவாக்கில் நிறுத்துங்கள், கழுத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, தாளின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையை ஓட்டுங்கள்.

சிறு சுருக்கம் விழுந்தால் விரலால் இழுக்காதீர்கள். ஈரத்தில் ஊதிய காகிதம் காயும்போது சுருங்கித் தானே இறுகும். வெள்ளையாக இருந்த பசையும் தண்ணீர் போனபின் ஒளி ஊடுருவும் படலமாகிவிடும். அதன்பிறகு படத்தைச் சுற்றிப் புல், காய்ந்த மரம், செம்மண் என்று வண்ணத்தால் தீட்டுங்கள். என் கணக்கில் இந்த வேலையின் அழகில் பாதி இங்கேதான் இருக்கிறது.

கடைசியாக வார்னிஷ். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷே நல்லது. எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். நான்கைந்து மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. விரலால் தடவினால் காகிதத்தின் ஓரம் தட்டுப்படக் கூடாது.

ஈமு முட்டை கிடைக்காவிட்டால் வாத்து முட்டையில் பழகுங்கள். வயலோரம் மயில் முட்டையைப் பார்த்தால் மட்டும் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுப்பது குற்றம்.