விரல் நுனி போனது. புது இசை பிறந்தது!

1965-ம் ஆண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரம். அங்கே ஒரு தகரத் தொழிற்சாலையில் டோனி அயோமி என்ற 17 வயது வாலிபர் வேலை பார்த்தார். அன்று அவருக்குக் கடைசி நாள். இனி கிதார் வாசித்தே பிழைப்பது என்று முடிவு.

மத்தியானம் சாப்பிட வந்தவர், திரும்பிப் போக மனம் இல்லாமல் இருந்தார். பாதியில் விடக்கூடாது என்று தாயார் அனுப்பி வைத்தார்.

போனார். பழக்கம் இல்லாத எந்திரத்தில் கை சிக்கியது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது! அவர் இடது கைப் பழக்கக்காரர். தந்தியை அழுத்துவது அந்த வலது கை விரல்கள்தான். டாக்டர்கள் கையை விரித்து விட்டனர்.

தொழிற்சாலை மானேஜர் ஓர் இசைத்தட்டைக் கொண்டு வந்து கேட்கச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிப் போனவர்!

அயோமிக்குத் தெம்பு வந்தது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, தையல்காரர் மாட்டுவது போல விரலுக்கு உறை செய்தார். மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னாளில் அவற்றைத் தளர்த்தியும் வைத்தார். சுருதி இறங்கியது. இடி முழக்கம் போன்ற நாதம் கிடைத்தது.

1968-ல் அதே ஊர்ப் பையன்கள் ஆசி ஆஸ்பர்ன், கீசர் பட்லர், பில் வார்டு மூவரும் அவருடன் சேர்ந்தனர். ஒரு திகில் படத்தின் பெயரைக் குழுவுக்குச் சூட்டினர். அதுதான் "பிளாக் சபாத்". 1970 பிப்ரவரி 13-ந் தேதி முதல் இசைத்தட்டு வந்தது.

2025 ஜூலை 5-ந் தேதி நால்வரும் பர்மிங்காமில் கடைசியாக வாசித்தனர். ஆஸ்பர்ன் நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே பாடினார். 17 நாளில் காலமானார்.