அருங்காட்சியகமும் பொதுக்கல்வியும்: சென்னையின் 'செத்த காலேஜ்'

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வளாகமே அதன் முதல் இடம். சென்னை இலக்கியச் சங்கம் அளித்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளே முதல் சேகரிப்பு. 1854-இல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. இடம் மாறினாலும் 'காலேஜ்' என்ற பெயர் மக்கள் வாயிலிருந்து போகவில்லை.

கல்லையும் மண்ணையும் பார்க்கப் பெருங்கூட்டம் வராது. உயிருள்ள விலங்குகள் இருந்தால் மக்கள் தேடி வருவதை முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் கவனித்தார். கர்நாடக நவாபிடம் பேசி அவரது விலங்குகளைப் பெற்றார். 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிரியல் பூங்கா உருவானது. அது 1863-இல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் பெயர்ந்து, 1985-இல் வண்டலூர் சென்றது. விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும், பாடம் செய்யப்பட்ட உடல்கள் இருந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் அழைத்தனர். கேலிதான், ஆனால் அதில் ஒரு நியாயமான விமர்சனமும் உண்டு.

கன்னிமாரா நூலகம் (1896), அரங்கம், குழந்தைகள் அருங்காட்சியகம் ஆகியவை அதே வளாகத்தில் சேர்ந்தன. மாவட்டங்களிலும் அரசு அருங்காட்சியகங்கள் அமைந்தன. இவை கதவுகளைக் கூட்டின. ஆனால் வரிசையாக உள்ளே போய் வரிசையாக வெளியே வரும் பள்ளிச் சுற்றுலா கல்வியாகிவிடாது. பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து விளக்கம் தொடங்க வேண்டும்.

பட்டினப்பாக்கம் மீனவர் குப்பத்துச் சிறுவனை எடுத்துக்கொள்வோம். வஞ்சிரம், சங்கரா, சுறா எல்லாம் அவனுக்கு அன்றாடம் பழகியவை. எழும்பூரின் மீன் மாதிரிகளுக்கு முன்னால் அறிவியல் பெயர் மட்டும் இருந்தால் அவன் அந்நியன். கரையில் வழங்கும் பெயரும் பக்கத்தில் இருந்தால், வழிகாட்டிக்கே அவன் சொல்லித்தர முடியும். மாதிரிகள் சிலவற்றைப் பெட்டியில் வைத்துக் குப்பத்துப் பள்ளிக்கே கொண்டுபோனால் பெற்றோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

கற்காலத்துக்கும் இதே வழி பொருந்தும். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவருடைய பெரும் சேகரிப்பு பின்னர் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தது. பல்லாவரம் இன்று தினமும் மின்சார ரயில் நிற்கும் ஊர். அந்த நிலையத்தின் பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.