ஒரு வீட்டில் ஒரு கைத்தொலைபேசி: புள்ளிவிபரம் சொல்லாத கதை

இலங்கையில் வானொலி வைத்திருக்கும் குடும்பங்கள் குறைந்து, கைத்தொலைபேசி வைத்திருக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன என்று அரச புள்ளிவிபரங்கள் காட்டுகின்றன. அந்த அட்டவணைகளைப் பார்க்கும்போது, எங்கள் வீடுகள் இதில் எங்கே என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுகிறது.

பல ஆண்டுகள் அந்தக் கணக்கில் நாங்கள் இருக்கவில்லை. குடும்பங்களிடமுள்ள பொருட்களைக் கேட்டறிவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடும்ப வருமான செலவின ஆய்வு. 2006/07 ஆய்வில் வடமாகாணமும் திருகோணமலையும் சேர்க்கப்படவில்லை. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு விடுபட்டன. 25 மாவட்டங்களும் 2012/13இல்தான் சேர்ந்தன. ஆகவே, முன்னைய ஆய்வுகளின் 'இலங்கை' வேறு, பின்னையவற்றின் 'இலங்கை' வேறு.

விடுபட்ட காலத்தில் நடந்ததை நாங்கள் அறிவோம். 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்டோம். 'வானொலி உண்டா?' என்று கேட்டால் உண்டு. அதை இயக்கத்தான் வழியில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தபின் வன்னியிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வாங்கப்பட்டன. 2008, 2009 இடப்பெயர்வுகளில் அவை போயின. உழவு இயந்திரத்தில் ஏற்றிய சாமான்கள் ஒவ்வொரு இடமாகக் குறைந்து, முகாமுக்கு வரும்போது பலரிடம் ஒரு பைதான் மிஞ்சியது. மீள்குடியேறியவர்கள் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

அப்போது கைத்தொலைபேசி முந்தியதற்குக் காரணம் வசதி அல்ல. அதற்குக் கம்பி இழுக்க வேண்டாம், நிரந்தர வீடு வேண்டாம். சிதறிய உறவுகளைத் தேடவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் பேசவும் அதுவே வழி.

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த 'உண்டு' மறுபடியும் எங்களைக் கைவிட்டது. வீட்டில் ஒரு தொலைபேசி, படிக்கும் பிள்ளைகள் மூவர். தகப்பன் அதைக் கூலி வேலைக்குக் கொண்டுபோனால் மூவருக்கும் வகுப்பில்லை. அட்டவணையிலோ அந்த வீடு தொலைபேசியுள்ள வீடு.

ஒரு சாதனம் வீட்டில் இருக்கிறதா என்பதோடு கேள்வி முடியக்கூடாது. எத்தனை பேருக்கு ஒன்று, பகலில் யார் கையில் இருக்கிறது, டேட்டா போடக் காசு இருக்கிறதா என்பவற்றையும் கேட்க வேண்டும். பாடங்களையும் அரச சேவைகளையும் இணையத்துக்கு மாற்றுபவர்கள் இந்த விடைகளை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.