ஈ பிடிக்கும் செடியும் வீட்டுப் பூனையும்

பூனை வளர்க்கிற வீட்டில் பூச்சி தின்னும் செடியை வைக்கலாமா? நகரத்தில் குடியிருக்கும் என் மகள் போனில் கேட்ட கேள்வி இது. நர்சரியில் 'வீனஸ் ஃப்ளை ட்ராப்' செடி ஒன்று வாங்கியிருக்கிறாள். வீட்டில் இரண்டு பூனைகள். "அப்பா, அது வாயை மூடுற வேகத்தைப் பார்த்தா பயமா இருக்கு. பூனை மூக்கைக் கடிச்சிடாதா?" என்றாள்.

பயப்பட வேண்டியது பூனை இல்லை, அந்தச் செடிதான்.

வங்கியில் கடன் மனு பார்க்கும்போது ஆளின் தோற்றத்தைப் பார்க்கக் கூடாது, கணக்கைப் பார்க்க வேண்டும் என்பார்கள். செடிக்கும் அதுதான் விதி. கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வீனஸ் ஃப்ளை ட்ராப்புக்குச் சொந்த ஊர் அமெரிக்காவின் வடக்கு, தெற்கு கரோலினா மாநிலங்களின் ஈரமான சதுப்பு நிலம். அந்த மண்ணில் தழைச்சத்து மிகக் குறைவு. அதனால் பூச்சியைப் பிடித்து அந்தச் சத்தை ஈடுகட்டிக்கொள்கிறது. இலை மடலுக்குள் சின்னச் சின்ன உணர்முடிகள் இருக்கின்றன. ஏறக்குறைய 20 விநாடிக்குள் இரண்டு முறை முடியில் பட்டால்தான் மடல் மூடும். ஒரு முறை மட்டும் பட்டால், மழைத்துளியோ தூசியோ என்று விட்டுவிடும். பிடித்த பூச்சியைக் கரைத்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேலேகூட ஆகும்.

மடல் ஒன்று கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதில் இருப்பது பல் இல்லை, மெல்லிய முள் மாதிரியான விளிம்பு. பூனை மூக்கை நுழைத்தால் மூடும், இழுத்தால் விட்டுவிடும். செரிமான நீரும் பூனைத் தோலை ஒன்றும் செய்யாது. கடித்துத் தின்றாலும் இது பூனைக்கு நச்சுச் செடியாகக் கருதப்படுவதில்லை. நிறையத் தின்றால் வாந்தி எடுக்கலாம், புல் தின்றாலும் அப்படித்தானே! நஷ்டம் செடிக்குத்தான். ஒவ்வொரு மடலும் சில முறை மூடித் திறந்ததுமே கருகிப்போகும். பூனை விளையாட்டுக்குத் தட்டித் தட்டி மூடவைத்தால், வரவே இல்லாமல் செலவு மட்டும் ஆகும்.

நம் நாட்டிலும் இந்த இனங்கள் உண்டு. நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து ஈரப் புல்வெளிகளில் ட்ரோசிரா இருக்கிறது. தேங்கிய தண்ணீரிலும் ஈர வயலிலும் யூட்ரிகுலேரியா இருக்கிறது. மேகாலயாவில் நெப்பந்தஸ் என்ற குடுவைச் செடி இருக்கிறது. இவையும் பூனைக்கு எதிரி இல்லை.

ஆனால் நர்சரித் தொட்டியில் கவனம் வேண்டும். சில இடங்களில் செடி வாடாமலிருக்க ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்தோ குருணை மருந்தோ போட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். 2020 முடிவோடு தடை செய்யப்பட்ட போரேட் குருணை பழைய டப்பாவில் எங்கோ ஒரு மூலையில் கிடந்தாலும் பூனைக்கு, நாய்க்கு, ஏன் மனிதருக்கும் எமன்தான். இன்னொரு விஷயம்: இந்தச் செடிக்கு நாம் ஆசையாகத் தரும் மண்புழு உரமும் பஞ்சகவ்யமும் ஆகாது. வேர் கருகிவிடும். உப்பு ஏறிய போர் தண்ணீரும் ஆகாது. மழைநீர் போதும்.

சரி, பூனைக்கு ஆபத்து எங்கே இருக்கிறது? நம் வீட்டில் அழகுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் வைத்த செடிகளில்தான்.

முதல் இடம் லில்லிக்கு. பொக்கேயில் வருகிற லில்லி, தோட்டத்து டே லில்லி இரண்டும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். இலை, பூ, மகரந்தம், ஜாடியில் நின்ற தண்ணீர் எல்லாமே விஷம். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கித் துடைத்தாலே போதும். சில மணி நேரத்தில் வாந்தி, சோர்வு. அப்புறம் கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரியும். ஒன்று முதல் மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். அதனால் 'வாந்தி நின்னுபோச்சு' என்று காத்திருக்கக் கூடாது. முதல் சில மணி நேரத்திலேயே சிகிச்சை தொடங்கினால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து அரளி. இதயத்தைத் தாக்கும். செங்காந்தள், நம் மாநில மலர், கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் இருக்கிறது. சைகஸ் கல்லீரலைக் கெடுக்கும். மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா இரண்டும் வாயில் எரிச்சலும் எச்சில் வடிதலும் தரும், உயிருக்கு ஆபத்து குறைவு. இவை எல்லாம் இயற்கையில் விளைந்தவைதான். 'இயற்கை என்றால் பாதகமில்லை' என்று நம்மில் சிலர் சொல்வதை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. விஷமும் இயற்கையின் சரக்குதான்.

பூனை ஏதாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் மாத்திரையைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, ஒரு மாத்திரையே கொல்லும். தின்ற இலையை ஒரு கவரில் போட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். எந்தச் செடி என்று தெரிந்தால் வைத்தியம் பாதி முடிந்த மாதிரி.

பூனைக்குப் புல் கடிக்கும் பழக்கம் போகாது. அதற்கென்று ஒரு சின்னத் தொட்டியில் மருந்து கலக்காத கோதுமை விதையைத் தூவிவையுங்கள், ஒரு வாரத்தில் முளைத்துவிடும். அது கிடைத்தால் மற்றச் செடிகள் பக்கம் போவது குறையும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். பிடுங்கிய வேரைக் கண்டால் பூனை மயங்கி உருளுவதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். கவனிப்புதான் நம் பெரிய சொத்து.

மகளிடம் சொன்னது இதுதான்: ஃப்ளை ட்ராப்பை வெயில் படுகிற உயரமான ஜன்னலில் வை, பூனை தட்டாதபடி. கூடத்து ஜாடியில் லில்லி இருந்தால் இன்றைக்கே வெளியேற்று. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு தாளும் பேனாவும் எடுத்து வீட்டைச் சுற்றி வாருங்கள், ஒவ்வொரு தொட்டிக்கும் பெயர் எழுதுங்கள். பெயர் தெரியாத செடிக்கு அருகிலிருக்கும் தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள். களத்து மேட்டில் நெல்லைக் காக்கிற பூனைக்கு அந்த அரை மணி நேரம் நாம் தர வேண்டிய கூலி.