சட்டகம் ஜெயித்த பந்தயம்

இரு சக்கரங்களின் கதை – 6

1950 ஜூன். ஐல் ஆஃப் மேன் தீவில் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயம். ஒரு சுற்றே 60 கிலோமீட்டருக்கு மேல். ஊர்த் தெருக்களும் மலைச்சாலையும் கல்சுவரை ஒட்டித் திரும்பும் வளைவுகளும் நிறைந்த பாதை. முந்தைய ஆண்டின் உலக சாம்பியன் லெஸ் கிரஹாமின் ஏ.ஜே.எஸ். வண்டிக்கு இரண்டு சிலிண்டர். நார்ட்டன் நிறுவனத்திடம் இருந்ததோ பல வருடப் பழக்கமான ஒற்றை சிலிண்டர் இன்ஜின்தான். ஆனாலும் 350 சிசி ஜூனியர், 500 சிசி சீனியர் இரண்டு பிரிவிலும் முதல் மூன்று இடங்கள் நார்ட்டனுக்கே போயின. சீனியரில் ஜெயித்தவர் ஜெஃப் டியூக்.

இன்ஜினைத் தாங்கிய சட்டகம் புதிது.

அதை உருவாக்கியவர் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ். கல்லூரியில் படிக்காமல் பட்டறையிலேயே தொழில் கற்றவர். வளைவில் வண்டி சாயும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சட்டகம் முறுக்கிக்கொண்டால் முன்னது ஒரு பக்கம், பின்னது ஒரு பக்கம் போகும், வண்டி ஆட ஆரம்பிக்கும். அதனால் அவர் இரண்டு எஃகுக் குழாய்களை இன்ஜினைச் சுற்றி முழு வளையமாக வளைத்து, ஹேண்டில்பார் தண்டு நுழையும் இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கவிட்டுப் பற்றவைத்தார். பின்சக்கரத்துக்கு, அதைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம். ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹெரால்டு டேனியல் இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். ‘ஃபெதர்பெட்’ என்றே பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டு டியூக் இரண்டு பிரிவிலும் உலக சாம்பியன்.

வண்டி நிலையாக ஓடச் சட்டகத்தின் உறுதி ஒரு பாதி, முன் ஃபோர்க்கின் சாய்வு மறுபாதி. ஃபோர்க் திரும்பும் அச்சை அப்படியே தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் முட்டும். இந்த இடைவெளிக்கு ‘ட்ரெயில்’ என்று பெயர். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் இழுக்கும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதும் இதனால்தான். சாலை வண்டிகளில் இது பெரும்பாலும் 100 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கூட்டினால் நெடுஞ்சாலையில் வண்டி ஆடாமல் நேராகப் போகும்; குறைத்தால் சந்து பொந்துகளில் சட்டென்று திரும்பும். இரண்டுக்கும் நடுவே அளவைப் பிடிப்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் தெரியும்.

அந்தத் திறனைத் தேடித்தான் சென்னையின் ராயல் என்ஃபீல்டும் இங்கிலாந்து போனது. பந்தய வண்டிச் சட்டகங்களுக்குப் பேர்போன ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸை 2015இல் அது வாங்கியது. 2018இல் விற்பனைக்கு வந்த இன்டர்செப்டர் 650இன் சட்டகத்தில் ஹாரிஸின் கை உண்டு.

எவ்வளவு நல்ல சட்டகமானாலும் தேய்மானம் அதைக் கெடுத்துவிடும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கட்டும். இன்னொருவர் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க, ‘டொக்’ என்று ஆட்டம் கைக்குத் தெரிந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் தண்டின் பேரிங், தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் கவ்விப் பிடித்தால் அது தேய்ந்தே போய்விட்டது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்விங் ஆர்மோடு சேர்ந்து ஆடுகிறதா? அதன் அச்சிலுள்ள புஷ்ஷை மாற்ற வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் ஷாக் அப்சார்பருக்குச் செலவழித்துப் பலனில்லை.

(அடுத்த வாரம்: டயரும் காற்றும்)